மாலேக்குப் போகும் மாசிச் சம்பல்

பெட்டியைத் தராசில் வைத்தால் முள் மறைந்தது. பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தானே ஏறினால் வயிறு மறைத்தது. சுவக்கின் வளைந்து முள்ளைத் தேடத் தேடத் தராசு முனகிய முனகலில், குண்டசாலை ஊர்க் காகங்கள் எல்லாம் ஆற்றுக்கு அக்கரைக்குப் பறந்துவிட்டன.

"எவ்வளவுங்க காட்டுது?" சமையலறையிலிருந்து மனைவி டொரதி கேட்டாள்.

"எனக்கும் பெட்டிக்கும் சேர்த்து ஒரு எருமை."

மகள் அனற் மாலைதீவில், மாலே நகரத்தில் டீச்சர். போன வருடம் போனவளைப் போனில்தான் பார்க்கிறார்கள். மலிவு விற்பனை ஒன்றில் சுவக்கின் தனக்கு மட்டும் டிக்கெட் எடுத்திருந்தார். பென்ஷன் காசு ஒருவருக்குத்தான் போதும். "நான் போய்ப் பாத்துட்டு வர்றேன், நீ அடுத்த வருஷம் போ" என்று அவர் தீர்ப்புச் சொன்னபோது, டொரதி "சரிங்க" என்றாள். இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் அவள் ஒரே சொல்லில் சரி சொன்னது அதுதான் முதல் தடவை. அவர் அப்போதே பயந்திருக்க வேண்டும்.

அந்த டிக்கெட்டில் கையோடு ஏழு கிலோதான் கொண்டு போகலாம். கூடினால், விமானக் கம்பனி பவுண் நகையை நிறுப்பதுபோல் நிறுத்துக் காசு வாங்கும். அதனால் இரண்டு சாரம், ஒரு துவாய் என்று துறவிபோல் அடுக்கி வைத்திருந்தார்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு சீதா ஒரு போத்தலோடு வந்தாள்.

"அண்ணே, எங்க சித்தப்பா மகன் மாலேயில இருக்கான். கொஞ்சம் மாசிச் சம்பல்."

"ஏம்மா, மாசிக் கருவாடே அங்கேயிருந்துதானே இங்க வருது?"

"வெறும் மாசியாத்தானே வந்துச்சு. சம்பலாப் போகட்டுமே."

"அட்ரஸ்?"

"சின்ன ஊருதானே அண்ணே. கேட்டாச் சொல்லுவாங்க."

மறுக்க முடியுமா? வெளிநாட்டுக்குப் போகிறவன் பார்சல் வாங்கமாட்டேன் என்றால், ஊர் அவன் சாவுக்கும் வராது. சீதாவுக்குப் பின்னால் டொரதியின் செபக்கூட்டமே திரண்டு வந்தது. கித்துள் கருப்பட்டி, மிளகாய்த்தூள், அம்மிக்கல்லோடு மல்லுக்கு நிற்கக்கூடிய ஒரு கேக்.

தப்பிக்க வழி தேடி, காய்ச்சல் என்று போர்த்திக்கொண்டு படுத்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர்களில் ஒருவர்கூட வெறுங்கையோடு வரவில்லை.

உடம்பில் போட்டிருப்பதை எந்தக் கம்பனியும் நிறுக்காது என்று ஒரு ஞானம் பிறந்தது. அக்குறணைக்குப் போய், உள்ளே முழுக்கப் பை வைத்து ஒரு கோட் தைக்கும்படி தையல்கார ஹபீலிடம் சொன்னார்.

"கூலி வேணாம் சேர்," என்றார் ஹபீல், கோட்டை நீட்டியபடி. "மாலேல மச்சான் இருக்கான். இந்தச் சாரன் பார்சலை மட்டும் குடுத்துடுங்க. அப்பிடியே உங்கட மிஸிஸ்ட புதுச் சட்டையும் ரெடி, கொண்டு போங்க."

கூலி மிச்சமான குஷியில் புதுச் சட்டை எதற்கென்று அவர் கேட்கவில்லை.

வீட்டில் கோட்டை நிரப்பிப் போட்டுப் பார்த்தார். கதிரையில் உட்கார்ந்தார், எழும்பும்போது கதிரையும் கூடவே எழும்பியது. அந்தக் கோட்டோடே நடந்து பஸ் ஏறியபோது கண்டக்டர் இரண்டு டிக்கெட் கிழித்தார்.

போய் நின்றது விமான டிக்கெட் எடுத்த கொமியூனிகேஷன் கடையில். பெட்டிக்குக் காசு கட்டித் தொலைத்துவிடலாம் என்ற முடிவோடு.

கடைக்காரி துஷானி கம்பியூட்டரைத் தட்டி, திரையை அவர் பக்கம் திருப்பினாள். கோட்டின் பைகள் எல்லாம் ஒரே நேரத்தில் நடுங்கின.

"என்னம்மா, டிக்கெட்டை விடக் கூடவா இருக்கு?"

"இப்பப் போய்ப் பெட்டி சேர்த்தா அப்படித்தான் அங்கிள். ஆனா இன்னிக்கும் மலிவு விற்பனை இருக்கு. பெட்டியோட சேர்ந்த புது டிக்கெட்டே இதைவிடக் குறைவு. பெட்டிக்குப் போடுற காசுல ஆளையே கூட்டிட்டுப் போகலாம்."

சுவக்கின் வீட்டுக்கு ஓடினார். கோட்டோடு ஓட முடியாது, ஆனாலும் ஓடினார்.

"டொரதி, வேளாங்கண்ணிக்குப் போக எடுத்த உன் பாஸ்போர்ட் எங்க?"

அலுமாரியைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. அது மேசையில், செபமாலைக்குப் பக்கத்தில் இருந்தது.

"கம்பனிக்காரனை மடக்கிட்டேன் பாரு. என் பெட்டியைத் தூக்க நீயும் வர்றே."

"உங்க மூளை யாருக்குங்க வரும்," என்றாள் டொரதி. குனிந்துகொண்டுதான் சொன்னாள்.

புறப்படும் காலையில், ஹபீல் தைத்த சட்டையில் டொரதி புதுப்பெண்போல் திரீவீலரில் ஏறி உட்கார்ந்தாள். சுவக்கின் பெட்டியைப் பெருமையோடு உள்ளே தள்ளிக்கொண்டிருந்தபோது, சீதா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"டொரதி அக்கா, அதான் உங்களுக்கும் டிக்கெட் கிடைச்சிருச்சே, என் சம்பல் போத்தலைத் தந்துட்டுப் போங்க. மாலேயில எனக்கு யாரு இருக்காங்க?"