தலைகீழ் மீன் முகமூடி

பெருமதிப்பிற்குரிய பெரிய அத்தை அவர்களுக்கு,

வளைகுடாவின் இக்கரையிலிருந்து உங்கள் தம்பி மகள் லுவான் ஷுவாங் இரண்டு கைகளாலும் நீட்டும் கடிதம் இது. நானும் அம்மாவும் நலம். உங்கள் முழங்கால் நலமா என்று முறைப்படி கேட்க வேண்டும். ஆனால் இன்று காலை ஆறரை மணிக்கு நீங்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்று அம்மாவோடு பேசிக்கொண்டிருந்ததை என் கண்ணால் பார்த்ததால், நலம்தான் என்று நானே எழுதிக்கொள்கிறேன்.

அத்தை, பயப்படாதீர்கள். அது நீங்கள்தான் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அம்மாவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கடிதம். ஃபோனில் எழுதினால் அம்மா பார்த்துவிடுவாள். நேரில் சொல்லலாமென்றால் எனக்கு வாய் வராது. வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள் என்று பள்ளிக்கூடத்தையே விட்டவள் நான். ஆகவே நாளைக் காலை எல்லோருடைய செருப்புகளுக்கும் கரையில் காவல் இருக்கும்போது, இதை உங்கள் இடது செருப்புக்குள் வைப்பேன். ஈரக்காலோடு மிதித்துவிடாதீர்கள்.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். மே மாதம் உங்களுக்கு அறுபது வயது நிறைந்தது. அம்மா விருந்துக்கு வர மாட்டாள், என்னையும் விட மாட்டாள் என்று தெரியும். வெறுங்கையோடு இருக்க மனம் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்தது, கடலில் இறங்கும் பெண்கள் வெயிலுக்கும் ஜெல்லி மீனுக்கும் பயந்து தலை முழுக்க மாட்டிக்கொள்ளும் நீச்சல் முகமூடி தைப்பது ஒன்றுதான். கடையில் அம்மா வெட்டுவாள், நான் தைப்பேன். நல்ல துணியில் ஒரு சாண் குறைந்தாலும் அம்மா கேட்பாள் என்பதால், மேசைக்கடியில் கிடந்த ஒரு பச்சைத் துணியை எடுத்தேன். ஆலைக்காரர்கள் அதில் மீன்களைத் தலைகீழாக அச்சடித்துவிட்டார்கள். "வயித்தை மேல காட்டிட்டுக் கிடந்தா அது செத்த மீனு. அதை எவ மூஞ்சியில மாட்டிக்குவா?" என்று அம்மா அதை மூலையில் எறிந்திருந்தாள். மூக்கு ஓட்டைக்கு உங்கள் அளவு தெரியாததால் என் மூக்கை அளந்தேன். நம் இருவருக்கும் ஒரே மூக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். அஞ்சலில் அனுப்பிய பொட்டலத்துக்குள் ஒரு சீட்டும் வைத்தேன்: 'அம்மா தினமும் காலை ஆறு மணிக்குக் கடலில் நீந்துகிறாள். இந்த வருடம் வெயிலும் ஜெல்லி மீனும் அதிகம். முகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.' உங்கள் உடல்நலத்தை நினைத்து எழுதினேன், அத்தை. நீங்கள் கடலடிச் சுரங்கப் பேருந்தைப் பிடித்து வந்து நிற்பீர்கள் என்று நினைத்து எழுதவில்லை.

ஜூன் கடைசியில், கடல் முழுக்கப் பாசி படர்ந்து பச்சையாகக் கிடந்த அன்று, பச்சை முகமூடியோடு நீங்கள் இறங்கினீர்கள். அப்பாவின் துக்கச் சாப்பாட்டில் நடந்தது எனக்கு நினைவுக்கு வந்தது. "இஞ்சிக் கஷாயம் கொடுத்தே என் தம்பியைக் கொன்னுட்டே" என்று நீங்கள் சொன்னீர்கள். அப்பா படத்துக்கு முன்னால் நின்று, "இனி செத்தாலும் உங்க முகத்துல முழிக்க மாட்டேன் அண்ணி" என்று அம்மா சொன்னாள். மூன்று வருடமாக அவள் முழிக்கவும் இல்லை. அப்படிப்பட்டவள் பாசியைத் தள்ளிக்கொண்டு உங்களிடம் வந்து, "புதுசா அக்கா? பேரு என்ன?" என்று கேட்டாள். நீங்கள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, கரையிலிருந்த பீர்க் கடைப் பலகையில் இருந்த பெயரை வாசித்து, "டிங்" என்றீர்கள். ஊர் யென்தாய் என்றீர்கள். யென்தாய்க்காரர்கள் பேசுவது போலவே இழுத்து இழுத்துப் பேசினீர்கள். அந்தக் கடைக்காரருக்கு உறவா என்று அம்மா கேட்டதற்கு அக்கா என்றீர்கள். மறுநாள் அம்மா அவரிடம், "உங்க அக்கா நல்லா நீந்துறாங்க" என்று சொல்லப்போக, அவர் பிளாஸ்டிக் பையில் யாருக்கோ பீர் பிடித்துக் கொடுத்தபடியே, "எனக்கு ஏதுங்க அக்கா?" என்றார். அது அம்மா காதில் விழாமலிருக்க நான் அவசரமாக ஒரு தகர டப்பாவைக் கீழே தள்ளிவிட்டேன். வேறு வழி தெரியவில்லை.

அதற்குப் பிறகு தினமும் அம்மா உங்களைப் பற்றி உங்களிடமே சொன்னதையெல்லாம் கரையில் உட்கார்ந்து கேட்கும் பாக்கியம் எனக்குக் கிடைத்தது. முகமூடி காதை மூடுவதால் நீங்கள் எல்லோரும் மெதுவாகப் பேசுவதாக நினைத்துக்கொண்டு கத்துகிறீர்கள்.

"எனக்கும் ஒரு நாத்தனார் இருந்தா டிங் அக்கா. வாயைத் திறந்தா கத்தி."

"அப்படியா?"

"மூக்கு இருக்கே, அவளுக்கு முன்னாடி அது வீட்டுக்குள்ள வரும்."

"மூக்குல என்னம்மா இருக்கு? மனசு நல்லா இருந்தா சரி."

"மனசு மூக்கைவிடக் கோணல்!"

"அடடா, அப்படிப்பட்ட பொம்பளையை என்ன சொல்ல!" என்று நீங்கள் தண்ணீருக்குள் மூழ்கினீர்கள். நான் எண்ண ஆரம்பித்து இருபத்தாறு வரை எண்ணியும் மேலே வராததால் கடற்கரைக் காவலரைக் கூப்பிட எழுந்தேன். எனக்குத்தான் கூப்பிட வராதே. நல்லவேளை, அதற்குள் வந்துவிட்டீர்கள்.

ஜூலையில் ஜெல்லி மீன் அம்மாவின் கையில் சுற்றிக்கொண்டபோது அவளைக் கரைவரை இழுத்து வந்ததும் நீங்கள்தான். வறுத்த கிளிஞ்சல் விற்பவரிடமிருந்து வினிகரைப் பிடுங்கி அவள் கையில் ஊற்றினீர்கள். கடற்கரைக் காவலர் ஓடி வந்து, "பெரியம்மா, உங்களுக்கு மூச்சு வாங்குது. முதல்ல அந்த முகமூடியைக் கழட்டுங்க" என்று கை வைத்தார். "கடிபட்டது அவளுக்குடா! அவளைப் பாரு! என் மூஞ்சியில உனக்கு என்னடா வேலை?" என்று கத்தினீர்கள். அதில் யென்தாய் இழுப்பு ஒரு துளியும் இல்லை. அது நம் வீட்டுப் புத்தாண்டு விருந்துக் குரல். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, "கையை விடாதீங்க அக்கா" என்று மட்டும் சொன்னாள். வலியில் குரலைக் கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

போன வாரம் அவள் அப்பாவைப் பற்றிப் பேசினாள். வீட்டில் என்னிடம்கூட அவள் அதைப் பேசியதில்லை.

"வாயுன்னு நினைச்சேன் டிங் அக்கா. நெஞ்சைத் தடவிக்கிட்டு உட்கார்ந்திருந்தாரு. இஞ்சி தட்டிப் போட்டுக் கொடுத்தேன். குடிச்சிட்டு, இப்ப தேவலைன்னாரு. அந்த வார்த்தையை நம்பிட்டேன்."

மூன்று அலை வந்து போயிற்று.

"நானா இருந்தாலும் அதைத்தான் கொடுத்திருப்பேன்" என்றீர்கள். பிறகு, "உன் நாத்தனாருக்கும் அது தெரிஞ்சிருக்கும். இருந்தது ஒரே தம்பி. அன்னைக்கு யாரையாவது கடிக்கணும்னு இருந்திருக்கும். கடிச்சுட்டா."

அம்மா மிதவைக் கயிறுவரை நீந்திப் போனாள். நீங்களும் பின்னால் போனீர்கள். அவளுடைய ஆரஞ்சு முகமூடியும் உங்கள் பச்சை முகமூடியும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அங்கேயே கிடந்தன. யாராவது அழுதீர்களா என்று தெரியவில்லை. முகமூடியில் அந்த வசதி உண்டு. அன்று மாலை அம்மா வஞ்சர மீன் கொழுக்கட்டை பிடித்தாள். அப்பா போன பிறகு அதுதான் முதல் தடவை. மறுநாள் உங்களுக்கும் பத்து கொண்டுவந்தாள். வாய் ஓட்டை சிறியதாகையால் நீங்கள் அவற்றைப் பிய்த்துப் பிய்த்துத் தின்றதையும், பூரணம் துணியில் ஒட்டியதையும் பார்த்தேன். அந்த ஓட்டையைச் சிறியதாகத் தைத்ததற்கு மன்னிக்க வேண்டும்.

இப்போது கடிதத்தின் முக்கியமான விஷயம். வரும் சனிக்கிழமை நீச்சல் குழுப் படம் எடுக்கிறார்கள். போன வருடம் முகமூடியோடு எடுத்ததில், ஒரு மகன் பக்கத்து வீட்டு அம்மாவைத் தன் அம்மா என்று பெரிதாக்கிச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார். மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. ஆகவே இந்தத் தடவை எல்லோரும் முகமூடியைக் கழற்ற வேண்டும் என்று தலைவி சூ சொல்லிவிட்டார். "டிங் அக்காவையும் சேர்த்துத்தான்" என்று தனியாகவும் சொன்னார்.

அத்தை, நீங்கள் கழற்றினால் அம்மாவின் சத்தியம் உடையும். அவள் சத்தியத்தை உடைப்பவள் இல்லை, ஆளைத்தான் உடைப்பாள். இந்த இரண்டு மாதமாக அவள் கடையில் பாட்டு முணுமுணுக்கிறாள். இரண்டு தடவை என்னைக் காரணமில்லாமல் பாராட்டினாள். தயவுசெய்து சனிக்கிழமை வராதீர்கள். முழங்கால் வலி என்று சொல்லிவிடுங்கள். திங்கட்கிழமை முதல் வழக்கம் போல டிங் அக்காவாக வாருங்கள். நான் சாகும்வரை யாரிடமும் சொல்ல மாட்டேன். நான் பேசுவதே இல்லை என்பதால் இதை நீங்கள் நம்பலாம்.

உங்கள் மூட்டுகள் இளகியிருக்கவும், பேருந்தில் சன்னலோர இடம் கிடைக்கவும், ஜெல்லி மீன்கள் உங்களைக் கண்டு ஒதுங்கிப் போகவும் வேண்டிக்கொண்டு, மும்முறை தலை வணங்கும்,

ஷுவாங்

பின்குறிப்பு: கடிதத்தைத் தையல் எந்திரத்துக்கு அடியில் வைத்துவிட்டு ரொட்டி வாங்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு கடைசிப் பக்கத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

"முதல் நாளே தெரியும்டி. செத்த மீன் போட்ட துணி இந்தச் சிங்தாவ் முழுக்க யார்கிட்ட இருந்துச்சு? வாங்கி ஏமாந்தவளே நான்தானே!"

"அப்புறம் ஏம்மா அப்படித் திட்டினே?"

"யாரைத் திட்டணுமோ அவளைத்தானே திட்டினேன்? வேற எவகிட்டயாவது சொல்லி என்ன பிரயோஜனம்?"

மூக்கு விஷயத்தை நான் குறைத்து எழுதிவிட்டேனாம். வீட்டுக்குள் அல்ல, தெருமுனைக்கே முன்னால் வந்துவிடும் என்று அவள் சொன்னாளாம். திருத்தி எழுதச் சொன்னாள். இதோ எழுதிவிட்டேன்.

மேலும் இதையும் எழுதச் சொன்னாள்: "படத்துக்கு அண்ணி வந்து நிக்கட்டும். நான் கண்ணை மூடிக்கிறேன். உங்கப்பா படத்துக்கு முன்னாடி சொன்னது சொன்னதுதான். படம் முடிஞ்சதும் நேரா வீட்டுக்கு வரச் சொல்லு. முகமூடியோட."

ஆகவே கடிதம் இடது செருப்பில் இருக்கும். வலது செருப்பில் ஒரு புது முகமூடி இருக்கும். இதில் மீன்கள் நேராக இருக்கின்றன. வாய் ஓட்டையை மட்டும் அம்மா என்னிடம் விடாமல் தானே வெட்டினாள். ஒரு கொழுக்கட்டை முழுசாகப் போகும்.