ஜாங்கிரியின் றெக்கைக்குக் கவாத்து

சுருளிப்பட்டி

என்றும் எங்கள் மரியாதைக்குரிய மாப்பிள்ளை சுரேஷ்கண்ணன் அவர்களுக்கும் மகள் நாகஜோதிக்கும் அய்யாத்துரை எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் சுகம், திராட்சையும் சுகம், காய் பிடிப்பு இந்தத் தடவை குறைசொல்ல முடியாது. புனேயில் உங்கள் இருவரின் சுகத்துக்கும் சுருளி வேலப்பர் துணை. போனிலேயே பேசியிருக்கலாம்; ஆனால் நான் வாயைத் திறந்ததும் ஜாங்கிரி வந்து போனைக் கொத்துகிறது.

விஷயமே அதுதான். கம்பெனி வேலையாகப் போகும்போது எங்களிடம் விட்டுப்போனீர்களே, அந்த மஞ்சள் வெளிநாட்டுக் கிளியைக் கூண்டில் அடைக்கக் கூடாது என்று ஜோதி சொன்னதால் வீட்டுக்குள் திறந்தே விட்டிருக்கிறோம். அது ஃபேன் மேல்தான் உட்காருவேன் என்கிறது, அதனால் பங்குனி வெயிலில் ஃபேன் போட உங்கள் அத்தை சுருளியம்மாள் விடுவதில்லை. யார் வந்தாலும் கதவை ஒரு சாண் திறந்து, ஒருக்களித்து நுழையச் சொல்கிறோம். போன வாரம் வந்த உங்கள் அப்பா, அவருடைய உடல்வாகு காரணமாக, வாசலிலேயே காபி குடித்துவிட்டுப் போனார். மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

"றெக்கைய லேசா வெட்டிருங்க மாமா, நகம் வெட்டுற மாதிரிதான்" என்றீர்கள். நானும் தலையாட்டினேன். ஆனால் உங்கள் அத்தை, "மாப்ள சொன்னாகன்னா ஒடனே கத்திரியத் தூக்கிருவீகளா? கவாத்து வெட்டுனா கொடி ரெண்டு மடங்கு தழையுதுல்ல? இதுக்கு றெக்க ரெண்டு மடங்கு மொளச்சா யாரு மேய்க்கிறது?" என்றாள். தொழில் தெரிந்தவனே வெட்டட்டும் என்று நம் தோட்டத்தில் கவாத்து வெட்டும் ராக்கையாவைக் கூப்பிட்டேன்.

அவன் வந்ததும், "சாமி கும்புடாமக் கத்திரி வைக்கப்படாதுண்ணே" என்று, பந்தலில் முதல் கொடியை வெட்டும் முன் செய்வதுபோலவே கத்திரியைக் கழுவிச் சந்தனம் குங்குமம் வைத்து, கைநிறையச் சூடத்தைக் கொளுத்தித் தேங்காய் உடைத்தான். ஜாங்கிரி ஃபேனிலிருந்து இறங்கி வந்து அந்த மூடியில் உட்கார்ந்து சாவகாசமாகச் சாப்பிட ஆரம்பித்தது. "சாமிக்கு வச்சத அதுவே எடுத்துக்கிருச்சு, இனி நான் எங்கிட்டு வெட்ட?" என்று ராக்கையா கத்திரியைக் கீழே வைத்துவிட்டான். அதற்குள் சூடப் புகையில் இருமல் தாங்காமல் உங்கள் அத்தை கதவைத் திறக்க, கிளி வெளியே போய்விட்டது.

நான் பதறிப்போய்த் தோட்டத்துக்கு ஓடி, "கிளி, கிளி, எல்லாரும் ஓடியாங்க" என்று கத்தினேன். மாப்பிள்ளை, காய் பழுக்கிற சமயத்தில் எங்கள் ஊரில் ஒருவன் கிளி என்று கத்தினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும். பக்கத்துப் பந்தல்காரர்கள் அத்தனை பேரும் பழம் தின்னும் கிளிகளை விரட்டத் தகரத்தை எடுத்துக்கொண்டு தட்டத் தொடங்கிவிட்டார்கள், ஒருவர் வெடியே போட்டார். "தட்டாதீக, அது நம்ம கிளி" என்று நான் கையை ஆட்ட ஆட்ட, இன்னும் பலமாகத் தட்டச் சொல்கிறேன் என்று நினைத்துத் தட்டினார்கள். பச்சைக் கிளிக் கூட்டம் மொத்தமாக எழும்பியது, நடுவே மஞ்சளாக நம் ஜாங்கிரி, மலைப்பக்கம் போயே போய்விட்டது. வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உண்மையைச் சொன்னால் அழுதேன். ஜோதிக்கு என்ன சொல்வது என்றுகூடத் தோன்றவில்லை, அது இல்லாத வீட்டுக்குள் எப்படிப் போவது என்றுதான் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் ஏதோ காதருகே விசிறியதுபோல் இருந்தது. ஜாங்கிரிதான்; கூட்டத்தைவிட்டுப் பிரிந்து நேராக வந்து என் சட்டைக்குள் புகுந்துகொண்டது. அதன் நெஞ்சு என் நெஞ்சில் படபடவென்று அடித்தது. எனக்கு வந்த சந்தோஷத்தில் வெடி போட்டவரைக்கூடக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். றெக்கையை வெட்டியிருந்தால் அது எப்படித் திரும்பி வந்திருக்கும்? ஆகவே வெட்டுவதாக இல்லை. இருந்தாலும் இந்த வயதில் எங்களால் இந்த அவஸ்தையைத் தாங்க முடியாது. சீக்கிரம் வேறு ஏற்பாடு செய்யவும்.

நீங்கள் இருவரும் எல்லாச் செல்வமும் பெற்று நிறைவாக இருக்க எங்கள் ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
அய்யாத்துரை

பின்குறிப்பு: கவரை ஒட்டப்போகும்போதுதான் உங்கள் அத்தை சொல்கிறாள், எங்களுக்குச் சிரமமென்றால் உங்கள் தேனி சிநேகிதர் ஞாயிற்றுக்கிழமை வந்து கிளியை வாங்கிக்கொள்வார் என்று ஜோதி சொன்னாளாம். அவரை வர வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடவும். மேலே எழுதியதில் ஒன்றையும் நம்ப வேண்டாம். ஜாங்கிரி ரொம்பச் சாது. அதற்குப் பறக்கவே தெரியாது.