முன்பணம் கட்டிய பசி

மகள் மூன்றாவது ரொட்டியை மேசைக்கடியில் கைக்குட்டைக்குள் பொதிந்ததைக் கணக்கர் பார்த்துவிட்டார். கிடங்கொன்றில் நெடுங்காலமாகச் சரக்கிருப்பைச் சரிபார்த்துப் பழகிய கண் அது. பெட்டியில் ஓர் ஆணி குறைந்தாலும் அதற்குத் தெரிந்துவிடும்.

"மடியில என்ன?"

"ஒண்ணுமில்லப்பா."

"ஒண்ணுமில்லாததுல வெண்ணெய் ஏன் வழியுது?"

மகள் ரொட்டியை எடுத்துத் தட்டில் வைத்தாள். வயிற்றில் இடமில்லை என்றும், இப்போதே போனால்தான் பாறை ரயிலுக்கு வரிசை குறைவாக இருக்கும் என்றும் முறையிட்டாள். பாறை ரயில் என்பது அந்தக் கேளிக்கைப் பூங்காவின் நடுவே, பொய்ப் பாறைகளுக்குள் புகுந்து தலைகீழாகச் சுழன்று வெளிவரும் வண்டி. அதில் ஏறுவதற்கென்று ஓர் உயரம் விதித்திருந்தார்கள். அந்த உயரத்தை வீட்டுக் கதவு நிலையில் பென்சிலால் கோடிட்டு, இரண்டு ஆண்டுகளாக அதன்மேல் முதுகைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தவள் அவள். இந்த ஆண்டுதான் தலை கோட்டைத் தாண்டியிருந்தது.

"ரயில் எங்கேயும் ஓடிப் போயிடாது. ரொட்டிதான் ஆறிப் போகும்," என்றார் கணக்கர்.

ரொட்டிமீது அவருக்கு இவ்வளவு அக்கறை வந்ததற்குக் காரணம் உண்டு. பூங்காவின் விடுதியில் தங்க வருகிறவர்கள் அவ்வப்போது பணம் கொடுத்துச் சாப்பிடலாம். அல்லது மூன்று நாள் சாப்பாட்டுக்கும் மொத்தமாக முன்பணம் கட்டி, ஆளுக்கோர் அட்டை வாங்கிக்கொள்ளலாம். அட்டையில் சாப்பாட்டுக்குப் பெரிய கட்டங்கள், சிற்றுண்டிக்குச் சிறிய கட்டங்கள். சாப்பிடச் சாப்பிட ஒவ்வொரு கட்டத்திலும் ஓட்டை போடுவார்கள். உரிய வேளைக்குள் ஓட்டை விழாத கட்டம் காலாவதியாகிவிடும். கணக்கர் வீட்டிலேயே கூட்டிக் கழித்துப் பார்த்து, ஒரு கட்டமும் வீணாகாவிட்டால் திட்டம் லாபம் என்று முடிவு கட்டியிருந்தார். காலாவதியாக எதையும் விட்டதில்லை என்பதுதான் கிடங்கில் அவருக்கிருந்த பெருமை.

அவர் மனைவிக்கு இதில் நம்பிக்கை பிறக்கவில்லை. "சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்" என்று அப்போதே சொன்னாள். "ஆத்துல போட்டாலும் அளந்து போடணும்" என்று அவர் பதில் சொன்னார். பழமொழிக்குப் பழமொழி சமமாகிவிடவே, தீர்ப்புச் சொல்ல மனைவியின் அண்ணனை அழைத்தார்கள்.

அண்ணன் கட்டில் கடைக்காரர். கல்யாணம் செய்துகொள்ளாதவர். தங்கை குடும்பத்தோடு தாமும் பூங்காவுக்கு வருவதாக இருந்தவர். திட்டத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"முன்கூட்டியே காசு வாங்கறவன் இளிச்சவாயன் இல்ல மாப்பிள்ளை. என் கடையில மெத்தைக்கு மாசாமாசம் பணம் கட்டுறாங்க. பாதிப் பேரு நடுவுல விட்டுடுவாங்க. அந்தப் பாதியிலதான் நான் கடைக்குச் சுண்ணாம்பு அடிக்கிறேன்."

தாம் பசித்தால் மட்டும் சாப்பிடப் போவதாகவும், சாப்பிட்டதற்கு மட்டும் பணம் கொடுக்கப் போவதாகவும் அறிவித்தார். கடைசி நாளில் தலைக்கு எவ்வளவு ஆயிற்று என்று இரண்டு செலவையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது என்று பேச்சாயிற்று. மனைவி அதில் தன் பங்குக்கு ஒரு நிபந்தனை சேர்த்தாள்.

"நம்ம செலவு ஜாஸ்தின்னா, அலமாரிச் சாவி இனிமே என் கையில."

அந்தச் சாவி கணக்கரின் சட்டைப் பையில் கல்யாணமான நாள் முதல் இருந்து வருவது. அவர் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு சம்மதித்தார்.

விடுதியின் பெரிய உணவுக்கூட வாசலில் அட்டைகளுக்கு ஓட்டை போடும் பெண் ஒருத்தி இருந்தாள். முறை வைத்து எல்லாக் கூடங்களுக்கும் போகிறவள். மகள் அவளுக்கு ஓட்டை அக்கா என்று பெயர் வைத்தாள். அவள் தலைக்கு மேலே ஒரு கண்ணாடிச் சட்டம் தொங்கியது. ஒரு கட்டமும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவரின் அட்டையை ஆண்டுக்கு ஒன்றாக அதில் வைத்துக் காட்டுவது விடுதியின் வழக்கம். இந்த ஆண்டுக்கான இடம் இன்னும் காலியாக இருந்தது. பரிசுக் கோப்பைக்கு முன் நிற்கும் பள்ளிப் பையனைப்போலக் கணக்கர் அதன்முன் சற்று நேரம் நின்றார்.

முதல் நாள் காலை ரொட்டி முடிந்ததும் சிறிய கட்டம் காத்திருந்தது. ஐஸ்கிரீம் கடை பூங்காவின் மறுகோடியில். அங்கே போய், வாங்கி, நக்கிக்கொண்டே பாறை ரயிலுக்கு வந்து சேர்ந்தார்கள். வண்டி ஓட்டுபவர் மகளை அளவுகோல் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துத் தலையசைத்தார். அவள் முகம் மலர்ந்தது. அதற்குப் பிறகுதான் அவர் கேட்டார்:

"பாப்பா, சாப்பிட்டு எவ்வளவு நேரமாச்சு?"

மூக்கு நுனியில் ஐஸ்கிரீமை வைத்துக்கொண்டு பொய் சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆகாதவர்கள் ஏறக்கூடாது என்று பலகை எழுதி மாட்டியிருந்தது. ஒரு மணி நேரம் காத்திருக்கலாம் என்றால் அதற்குள் பகல் உணவு வேளை வந்துவிட்டது.

கணக்கர் மனம் தளரவில்லை. பகல் உணவைக் கட்டி எடுத்துக்கொண்டு, வரிசையில் காத்து நின்று, ரயிலில் ஏறி இறங்கிய பிறகு சாப்பிடுவது என்று திட்டத்துக்கு ஒரு திருத்தம் கொண்டுவந்தார். ஓட்டை விழுந்துவிட்டால் போதும், வாய்க்குள் எப்போது போனால் என்ன? அப்படியே செய்தார்கள். வரிசை பாதி நகர்ந்திருந்தபோது சூப்புக் கிண்ணத்தின் மூடி திறந்துகொண்டு, மகளின் கவுன் கழுத்திலிருந்து கால்வரை நனைந்தது. மாற்றுத் துணிக்காகப் பூங்காவின் கடையில் கரடிப் படம் போட்ட சட்டை ஒன்றை வாங்க வேண்டியதாயிற்று. அந்த விலைக்கு நிஜக் கரடியே வந்திருக்கும்.

"இதையும் திட்டத்துச் செலவுல சேருங்க," என்றாள் மனைவி.

"இது துணிக் கணக்கு."

"சூப்பு யார் கணக்கு?"

கணக்கர் சேர்த்துக்கொண்டார்.

இத்தனைக்கும் நடுவே மைத்துனரின் வாழ்க்கை முனிவர் வாழ்க்கையாக இருந்தது. காலையில் இவர்கள் கண்ணெதிரில் ஒரு பன்னும் ஒரு தேநீரும் வாங்குவார். ரசீதை நாலாக மடித்துப் பைக்குள் வைப்பார். இவர்கள் தட்டோடு மல்லுக்கட்டத் தொடங்கும்போது, "நான் ஏரிக்கரைப் பக்கம் ஒரு நடை நடந்துட்டு வரேன். நடந்தா பசி தெரியாது," என்று எழுந்துவிடுவார். இரவிலும் அதே பன், அதே தேநீர், அதே நடை.

இரண்டாம் நாள் கணக்கர் விடியற்காலையில் எல்லாரையும் எழுப்பினார். காலை உணவையும் சிற்றுண்டியையும் அடுத்தடுத்து முடித்துவிட்டால், பகல் உணவுக்குமுன் நீண்ட இடைவெளி கிடைக்கும் என்பது புதிய திருத்தம். மகளால் முடியவில்லை. அவள் பங்கைத் தாமே ஏற்றார். மனைவி பாதியில் தட்டை நகர்த்தினாள். அதையும் ஏற்றார். கிடங்கில் மூட்டை அடுக்குவதுபோல் அடியில் முட்டை, நடுவில் ரொட்டி, மேலே கேக் என்று அடுக்கினார். சற்று நேரத்தில் மூட்டைகள் புரளத் தொடங்கின. இடைவெளி முழுவதையும் அவர் மருந்துக்கடை வாசலில் இருந்த பெஞ்சில் கழித்தார். மருந்தும் திட்டத்துச் செலவில் சேர்ந்தது.

பழைய கதை ஒன்று உண்டு. அணில் ஒன்று பழுத்த மரமொன்றைக் குத்தகைக்கு எடுத்ததாம். ஒரு பழமும் வீணாகக்கூடாது என்று கிளையைவிட்டு இறங்காமல் தின்றுகொண்டே இருந்ததாம். பருவம் முடிந்தபோது, அதற்கு அடுத்த மரத்துக்குத் தாவத் தெரியவில்லை. குத்தகைக்குப் போனது மரமா அணிலா என்று மற்ற அணில்கள் கேட்டனவாம்.

மகளுக்குத் துணையாகப் பெரியவர் ஒருவர் ரயிலில் ஏற வேண்டும். மனைவிக்கோ புரட்டிக்கொண்டிருந்தது. அண்ணனைத் தேடிப் போனாள். அவர் ஏரிக்கரை மரத்தடியில் வயிற்றின்மேல் கையைக் கோத்து, கண்மூடி மல்லாந்து கிடந்தார். இடுப்புவாரைத் தளர்த்தியிருந்தார். எழுப்பினால், தலை சுற்றுகிறது என்று முனகினார்.

திரும்பி வந்து, பெஞ்சில் கணவரின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "பன்னையும் டீயையும் வெச்சுக்கிட்டு எத்தனை வேளைதான் தாங்கும் அந்த உடம்பு? நம்மளைத் திருத்தறதுக்காக மனுஷன் வயித்தைக் கட்டிக்கிட்டுக் கிடக்கறார்."

கணக்கருக்கும் மனம் இளகிற்று. போட்டி போட்டிதான், அதற்காக ஓர் உயிர் வாடுவதா? தவிர, அன்றைய இரவு உணவில் தம்முடைய பெரிய கட்டத்தைத் தம்மால் நிரப்ப முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. மைத்துனரைக் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு ஓட்டை அக்காவிடம் போனார்.

"என் அட்டையில இவருக்கு ஒரு சாப்பாடு குடுக்க முடியுமாம்மா?"

"யாருக்கு, இந்த சாருக்கா?" என்று அவள் புருவத்தை உயர்த்தி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மைத்துனர் பலமாக இருமினார்.

"வேணாம் மாப்பிள்ளை. அடுத்தவங்க சாப்பாடு எனக்குச் செரிக்காது."

சொல்லும்போதே அவர் முகம் வெளிறியது. எவ்வளவு ரோஷம் என்று கணக்கர் வியந்தார். பிறகு அந்த உணவைத் தாமே உண்டார். உண்ணும் ஒவ்வொரு வாயும் மைத்துனரின் ரோஷத்துக்கு முன் கூனிக் குறுகி உள்ளே போயிற்று.

மூன்றாம் நாள். பகல் தாண்டியதும் ஊர் திரும்பும் பேருந்து. காலைக் கட்டங்கள் முடிந்துவிட்டன. மிஞ்சியவை ஆளுக்கொரு பெரிய கட்டம், பகல் உணவு. அவற்றிலும் ஓட்டை விழுந்துவிட்டால் மூன்று அட்டைகளும் முழுமை. கண்ணாடிச் சட்டத்துக்கு மூன்றில் எதைத் தருவது என்றுகூட அவர் யோசித்து வைத்திருந்தார். கூடத்துக் கதவு திறந்ததும் முதல் ஆளாக நுழையப் போனவரின் சட்டையை மகள் பின்னாலிருந்து பிடித்தாள். கரடிச் சட்டை போட்டிருந்தாள்.

"அப்பா, காலாவதின்னா என்னப்பா?"

"நாள் தாண்டிப் போறது. அப்புறம் அதால உபயோகமில்ல."

"அப்ப என் ரயில் இன்னையோட காலாவதியாப்பா?"

அவள் அழவில்லை, விவரம்தான் கேட்டாள். கணக்கர் கதவைப் பார்த்தார், கண்ணாடிச் சட்டத்தைப் பார்த்தார், கையிலிருந்த அட்டைகளைப் பார்த்தார். சரக்கைக் காப்பதற்காகவே கிடங்கில் இத்தனை காலம் நின்றவருக்கு, எது சரக்கு என்ற ஐயம் முதன்முறையாக வந்தது.

"வா, போகலாம்," என்றார்.

பாறை ரயில் வரிசையில் நால்வரும் நின்றார்கள். வண்டி ஓட்டுபவர் ஒவ்வொருவரையும் நிறுத்தி, "சாப்பிட்டு ஒரு மணி நேரம் ஆச்சா?" என்று கேட்டுக் கேட்டு அனுப்பினார். "பகல் சாப்பாடே சாப்பிடல," என்று மகள் பட்டம் வாங்கியவள்போலச் சொன்னாள். அடுத்து நின்ற மைத்துனர், கேள்வி தம்மிடம் வருமுன் வரிசையைவிட்டு விலகினார். பைகளைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி, அவற்றோடு கூடத்துப் பக்கம் நடந்தார்.

"பசி மயக்கம்," என்று மனைவி கணவரின் காதில் கிசுகிசுத்தாள்.

ரயில் பாறைக்குள் புகுந்தது, கவிழ்ந்தது, நிமிர்ந்தது. கணக்கர் கண்ணை இறுக மூடியிருந்தார். பக்கத்தில் மகள் ஓயாமல் சிரித்துக்கொண்டே இருந்தது மட்டும் கேட்டது. இறங்கும்போது அவருக்கு நெஞ்சு லேசாக இருந்தது. மூன்று நாளில் அவர் சாப்பிடாத ஒரே வேளை அதுதான்.

பிறகு பெஞ்சில் உட்கார்ந்து கணக்கைத் தீர்த்தார்கள். மைத்துனர் மடித்து வைத்த ரசீதுகளைப் பிரித்து அடுக்கினார். பன், தேநீர், பன், தேநீர். மொத்தமும் சேர்ந்தால் கரடியின் ஒரு காதுக்குக்கூடக் காணாது. கணக்கர் பக்கத்தில் முன்பணம், சட்டை, மருந்து. கூட்டிப் பார்க்கவே தேவையிருக்கவில்லை. அவர் சட்டைப் பையிலிருந்து அலமாரிச் சாவியை எடுத்து மனைவியின் உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை உடனே தன் பைக்குள் போட்டு மூடினாள். சாவியின் எடை அவளுக்கு முன்பே பழகியதுபோல இருந்தது.

மைத்துனர் பெருந்தன்மையாகத் தோளில் தட்டினார். "விடுங்க மாப்பிள்ளை. இனிமே ஒண்ணை மட்டும் ஞாபகம் வெச்சுக்குங்க. பசிக்கு முன்பணம் கட்டக்கூடாது."

தங்கை அண்ணனைக் கண் கலங்கப் பார்த்தாள். ஊர் போய்ச் சேர்ந்ததும் வயிறாரச் சமைத்துப் போடப் போவதாகச் சொன்னாள். அவர் அவசரமாக வேண்டாம் என்றார்.

கிளம்புமுன் அட்டைகளைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அன்று வாசல் முகப்பில் ஓட்டை அக்காவே உட்கார்ந்திருந்தாள். கணக்கர் மூன்று அட்டைகளையும் நீட்டினார். அவள் அவற்றைப் புரட்டி, ஒவ்வொன்றிலும் ஒற்றைக் கட்டம் வெறுமையாக இருப்பதைப் பார்த்து, அனுதாபமாக உதட்டைப் பிதுக்கினாள். பைகளைத் தூக்கிக்கொண்டு மைத்துனர் அதற்குள் வாசற்படி வரை போய்விட்டிருந்தார். அவள் எட்டிப் பார்த்துக் கூப்பிட்டாள்:

"சார், நீங்க பாட்டுக்குப் போறீங்களே, உங்க அட்டையைக் குடுங்க, ஒரு கட்டம்கூட விடாம சாப்பிட்டது இந்த வருஷம் நீங்க ஒருத்தர்தான், கண்ணாடிக்குள்ள வைக்கணும்."