சவுரியப்பனின் கிட்டத்து வழி

குறுக்குவழிக்காரர் என்று ஓர் இனம் உண்டு. கட்டாயம் பார்த்திருப்பீர்கள். நல்ல சாலை கண்ணெதிரே கிடக்கும். அதில் பஸ் போகும், மாட்டுவண்டி போகும், கல்யாண ஊர்வலமே போகும். இவர் மட்டும் வேலியைத் தாண்டுவார். கேட்டால், "இந்த வழி எவனுக்கும் தெரியாது" என்பார். ஏன் தெரியவில்லை என்று ஒரு நாளாவது யோசித்திருப்பாரா? கிடையாது. யாரிடமாவது வழி கேட்டால் மானம் போய்விடும்.

காரிமங்கலத்துச் சவுரியப்பன் இந்த இனத்துக்கே ராஜா. அவரைக் கட்டிக்கொண்ட ராஜமேரியின் சேலைகளில் முள் கிழிக்காத சேலை ஒன்றுகூடக் கிடையாது.

அறுபத்தெட்டாம் வருஷம் ராஜமேரியின் தம்பி மரியசூசைக்குக் கல்யாணம். அம்மாவின் வேண்டுதல்படி, சித்தேரி மலைமேல் ஒரு சின்ன மாதா கோயிலில். மறுநாள் சாம்பல் புதன். தவக்காலம் தொடங்கிவிட்டால் ஈஸ்டர் வரைக்கும் சாமியார் கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டார். ஏற்கெனவே தேதி தள்ளிப்போனதில் பெண் வீட்டார் முறுக்கிக்கொண்டிருந்தார்கள். இன்று தாலி ஏறாவிட்டால் இசபெல்லாவை வேறு இடத்தில் கொடுத்துவிடுவதாகச் சொல்லியும் விட்டார்கள். அந்தத் தாலி எங்கே இருந்தது? சவுரியப்பனின் சட்டைப் பையில்!

சொந்தக்காரர்களெல்லாம் முந்தின நாளே மேலே போய்விட்டார்கள். தட்டானிடம் தாலியை வாங்கிக்கொண்டு, புருஷனும் பெண்டாட்டியும் காலை பஸ்ஸில் கிளம்பினார்கள். அடிவாரத்துப் புளியமரத்தடியில் பஸ் நின்றதுதான் தாமதம், சவுரியப்பன் குதித்து இறங்கிவிட்டார்.

"பஸ்ஸு சுத்திச் சுத்திப் போவுது புள்ள. நேரா ஏறினா, அவன் வர்றதுக்குள்ள நாம காப்பியே குடிச்சிரலாம்."

"ஏங்க, தாலிங்க! இன்னிக்கு ஒரு நாளாச்சும் ரோட்டுல போலாங்க."

"அட, சும்மா வா."

ஏறினார்கள், சறுக்கினார்கள், மறுபடி ஏறினார்கள். கல்யாணப் பட்டு கள்ளியில் மாட்டியது, ஓடையில் ஒரு செருப்பு போயிற்று, ஒவ்வொரு பாறைக்கும் "இதோ வந்தாச்சு" என்றார் சவுரியப்பன். கடைசியில் புதரை விலக்கி வெளியே வந்தால், அதே புளியமரம்!

ராஜமேரிக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. சவுரியப்பனுக்கோ ஒரே பூரிப்பு. "பாத்தியா? எறங்குறதுக்கும் இதுதான் கிட்டத்து வழி!"

மலைக்குப் போகும் அடுத்த பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு அதுதான் கடைசி. ராஜமேரி புருஷனின் பையில் கையை விட்டாள். தாலியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டு ஏறி உட்கார்ந்தாள்.

"வர்றீங்களா, இல்லியா?"

"நீ போ. உனக்கு முன்னாடி நான் அங்க நிப்பேன்."

இசபெல்லாவின் அப்பா மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கோயிலை விட்டு இறங்கும் நேரத்தில்தான் ராஜமேரி போய்ச் சேர்ந்தாள். தாலி ஏறியது. நாத்தனார் முடிச்சைப் போட்டுவிட்டு ராஜமேரி ஓவென்று அழுதாள். கூட்டம் அதைப் பாசம் என்று நினைத்துக்கொண்டது.

பந்தி முடிந்து அண்டா கழுவும்போது, கோயிலுக்கும் மேலே இருந்த பாறையிலிருந்து ஓர் உருவம் இறங்கி வந்தது. ஒற்றைச் செருப்பு, பாதி வேட்டி.

"என்ன, இன்னும் யாரும் வரலியா?" என்றார் சவுரியப்பன்.

"எல்லாம் முடிஞ்சிருச்சுங்க. வாசப்பக்கமா வந்து சாப்புடுங்க" என்றாள் ராஜமேரி. அதற்குள் அவர் பந்தி நடந்த அறையின் ஜன்னலில் ஒரு காலை வைத்துவிட்டார்.

சிரிக்கிறீர்கள், சரி. ஆனால் உண்மையைச் சொல்லுங்கள்: கதையில் மலையேறும் இடத்தில் நாலு வரியைத் தாண்டி, தாலி ஏறியதா இல்லையா என்று கீழே எட்டிப் பார்த்துவிட்டுத்தானே வந்தீர்கள்? நல்லது. எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வாருங்கள், வயிறாரச் சாப்பிடுங்கள். தாலியை மட்டும் உங்களிடம் கொடுத்தனுப்ப மாட்டோம்.