ஞாயிற்றுக்கிழமைக்குள் காரை அனுப்பவும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதுவது. இங்கே நானும் உன் அக்காவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். அங்கே நீயும் உன் வீட்டாரும் என் காரும் அதேபோல் இருக்க வேண்டுகிறேன். காலையில் கார் கிளம்பச் சற்று முரண்டு பிடிக்கும். திட்டாதே, அதற்கு மனசு விட்டுப்போகும்.

"ரயில்ல போங்க அத்தான், ஏறி உக்காந்தா போதும், ஒரு கவலையும் இருக்காது" என்று சொல்லி நீ காரை ஓட்டிக்கொண்டு போனாயே, அந்தக் கவலையில்லாத வாழ்க்கையைப் பற்றித்தான் எழுதுகிறேன். முதல் நாளே ரயில் ஒரு வளைவில் வேகமாகத் திரும்ப, என் வலது கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. அது எதிரே உட்கார்ந்திருந்த தையல்காரரின் கட்டைவிரல். மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு, "வண்டி நின்னுச்சா சார்?" என்று கேட்டார்.

அது கிடக்கட்டும். என்னைத் தூரத்துக் கிளைக்கு மாற்றப் போகிறார்கள் என்பது உனக்குத் தெரியும். உன் அக்கா பள்ளிக்கூட வேலையை விட்டுவிட்டு வர முடியாது. இந்த வயதில் ஆளுக்கொரு ஊரில் தனியாகச் சாப்பிட்டுப் படுப்பதை நினைத்தாலே எனக்குப் பயமாக இருக்கிறது. மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டால் நிறுத்திவிடுவார், கேட்கத்தான் நாக்கு எழவில்லை. அதனால் காரில் போகும்போதெல்லாம் கண்ணாடியை ஏற்றிவிட்டு உரக்க ஒத்திகை பார்ப்பேன். கார் யாரிடமும் சொல்லாது. ரயிலிலும் ஜன்னல் கண்ணாடியை மூடினேன், பழக்கதோஷம், வாய் திறந்துகொண்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் பெட்டியில் வேறு யாருமே பேசவில்லை என்பதைக் கவனித்தேன். பக்கத்து வரிசை நர்ஸ் அம்மா, "சார், ‘தொந்தரவுக்கு மன்னிக்கணும்’னு மூணு தடவ சொல்றீங்க. ஒண்ணு போதும், விஷயத்துக்கு வாங்க" என்றார். தையல்காரர், "உக்காந்துட்டு கேக்காதீங்க, நின்னு கேளுங்க" என்றார். நின்றால் கால் நடுங்குவது தெரியுமே என்றேன். "தெரியட்டுமே, அப்பத்தான எரக்கம் வரும்" என்றார்.

அன்றிலிருந்து சாயங்காலம் நான் ஏறினாலே "கேட்டாச்சா?" என்று ஒரே குரல். மீட்டிங், லீவு, தலைவலி என்று எத்தனை நாள்தான் மேனேஜரைச் சாக்குச் சொல்லித் தப்பிப்பது? போன வெள்ளிக்கிழமை, "கேட்டுட்டேன், மாத்தல் ரத்தாயிடுச்சு" என்று சொல்லித் தொலைத்தேன். பெட்டியே கைதட்டியது. தையல்காரர் நொண்டிக்கொண்டே வந்து கைகொடுத்தார். நர்ஸ் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த நேரம் எனக்கே மாற்றல் ரத்தான மாதிரி நிம்மதியாக இருந்தது மச்சான். வீட்டுக்கு வந்து உன் அக்கா முகத்தைப் பார்த்த பிறகுதான், இன்னும் கேட்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

இன்றைக்கு அடுத்த இடி. மேனேஜரின் கார் ஒர்க்ஷாப்பில் கிடக்கிறதாம். "திங்கக்கிழமை நானும் ரயில்லதான் வர்றேன், நீங்க எந்தப் பெட்டியில ஏறுவீங்க?" என்று கேட்டார். வாய் தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் வந்து உட்கார்ந்ததும் இவர்கள் எல்லோரும் வரிசையாக அவருக்கு நன்றி சொல்வார்கள். எதற்கு என்று அவர் கேட்பார். அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை. ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் காரைக் கொண்டுவந்து விட்டுவிடு. அக்காவிடம் மூச்சு விடாதே.

வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல். உன் பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, ஒத்திகை பார்க்காமல் பேசுகிறவர்களாக வளரட்டும்.

இப்படிக்கு,
காரை எதிர்பார்த்து,
உன் அத்தான்

பி.கு.: காரை அனுப்ப வேண்டாம். இந்தக் கடிதத்தை ரயிலில் உட்கார்ந்துதான் எழுதினேன். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறேன் என்று உன் அக்கா எப்போதும் சொல்வாள், நான்தான் ஒத்துக்கொண்டதில்லை. தலையைத் தூக்கினால் பெட்டியில் எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். நர்ஸ் அம்மாதான் முதலில் பேசினார்: "திங்கக்கிழமை அவரு வரட்டும் சார். நடுவுல உக்கார வைக்கிறோம். நீங்க கேட்டு முடிக்கிற வரைக்கும் அவர எறங்க விடமாட்டோம்." எனக்கு இப்போதே இறங்கிவிட வேண்டும் போலிருக்கிறது. வண்டிதான் எங்கும் நிற்கமாட்டேன் என்கிறது.