முள் பார்க்கும் உத்தமர்

மனிதர்களில் முள் பார்ப்பவர் என்று ஓர் இனம் உண்டு. கடிகார முள் இல்லை. பழைய கேம்பர் வேனில், ஓட்டுகிறவரின் கண்ணுக்கு நேரே, எஞ்சினின் சூட்டைக் காட்டிக்கொண்டு ஒரு முள் நிற்குமே, அது. கேம்பர் வேன் தெரியுமல்லவா? படுக்க, சமைக்க, சண்டை போட சகல வசதியும் உள்ள, சக்கரம் வைத்த வீடு. இவருடையது இவர் கல்யாணத்தைவிட மூத்தது. மரியாதையும் அந்த வரிசைப்படிதான்.

கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே பானெட்டைத் திறந்து, ரேடியேட்டர் தண்ணீரை எட்டிப் பார்த்து, ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்தி, ரப்பர் குழாய்களைத் தடவிக் கொடுத்து, "என் தங்கம், இன்னிக்கு மானத்த வாங்கிடாத" என்று கொஞ்சிவிட்டு, அதே மூச்சில் மகளைப் பார்த்து "ஏறித் தொலையேன்" என்பார். மேடு வந்தால் யாரும் பேசக்கூடாது. பேச்சுக்கும் எஞ்சினுக்கும் என்ன சம்பந்தம்? கேட்டால் மேடு முடிகிற வரை நீங்கள் நடந்து வர வேண்டியிருக்கும்.

முள் நடுக்கோட்டைத் தாண்டினால் ஹீட்டரை முழுசாகத் திருகுவார். ஆமாம், கொளுத்துகிற வெயிலில், ஹீட்டரை. எஞ்சினின் சூட்டில் கொஞ்சம் உள்ளே இருப்பவர்கள் மீது இறங்கிவிட்டால் எஞ்சின் பிழைக்குமாம். ஆபத்துக்கு இது நல்ல வழிதான், மெக்கானிக்குகளே சொல்வார்கள். என்ன, இவருக்கு ஆபத்து தெருமுனையிலேயே தொடங்கிவிடும்.

எனக்குத் தெரிந்த ஒருவரின் கதையைக் கேளுங்கள். எதிர்வீட்டுக்காரர். அவர் மனைவிக்கு ஒரே அண்ணன். வெளிநாட்டில் வேலை கிடைத்து, மாலை நாலு மணி ரயிலில் கிளம்புகிறார். திரும்பி வர மூன்று வருஷம் ஆகும். அண்ணன் ஊர் நாலு மணி நேரத் தூரம்.

"பஸ்ல போயிடலாங்க."

"வாசல்ல வண்டிய வெச்சுக்கிட்டு பஸ்ஸா? பன்னெண்டு மணிக்கு உங்கண்ணன் வீட்ல சாப்பாடு. நான் கேரன்டி."

காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். எனக்கும் அந்தப் பக்கம் வேலை இருக்கிறது என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு முன்னெச்சரிக்கையாக ஆறு பெரிய தண்ணீர் கேன்களை வண்டியின் முகத்தில், கிரில்லுக்குக் குறுக்கே, கயிறு போட்டு இறுக்கிக் கட்டியிருந்தார். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டுமாம்.

முள் ஏறியது. ஹீட்டர். மரத்தடியில் நிறுத்தி ஆற வைத்தோம். கிளம்பினோம், மறுபடி ஏறியது. மறுபடி மரம். பின்சீட்டில் மகள் துவண்டுகொண்டிருந்தாள்.

"அப்பா, மயக்கமா வருதுப்பா."

"இரு கண்ணு, முள்ளு இறங்குது பாரு."

நாலாவது நிறுத்தம் ஒரு மெக்கானிக் ஷெட் வாசலில். மணி ஒன்றரை. இன்னும் பாதித் தூரம் பாக்கி. கையைத் துடைத்துக்கொண்டு வந்த மெக்கானிக் வண்டியின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஏன் சார் இத மூடி வெச்சிருக்கீங்க?"

"மூடலையே. தண்ணி. சூடானா ஊத்தறதுக்கு."

"காத்து இந்த வழியாத்தான் சார் உள்ள போகணும். நீங்க கேனைக் கட்டினதாலதான் சூடாகுது."

எங்கள் உத்தமர் குனிந்து கயிற்றின் முடிச்சைத் தேடினார். அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் வந்தது. மனைவி நடுரோட்டில் நின்று கையைக் காட்டி நிறுத்தினார்.

"நீங்களும் வாங்க. அண்ணன் கிளம்பிடுவாரு."

"கேனெல்லாம் அவுக்கணுமே. எஞ்சின் ஆறணும். இந்த நிலைமைல எப்படி விட்டுட்டு வர்றது?"

மனைவி மகளின் கையைப் பிடித்து ஏறிவிட்டார். நானும் ஏறினேன், எனக்கும் உயிர்மேல் ஆசை உண்டு.

ரயில் கிளம்பப் பத்து நிமிஷம் இருக்கும்போது பிளாட்பாரத்தில் அண்ணனும் தங்கையும் கட்டிக்கொண்டார்கள். மூன்று வருஷத்துக்குமாகச் சேர்த்துப் பேச அந்தப் பத்து நிமிஷம். அதிலும் இரண்டு நிமிஷத்தைப் போன் வாங்கிக்கொண்டது.

"மாப்ள, நான் கிளம்புறேன். நீங்க வரலையே?"

"நல்லபடியா போயிட்டு வாங்க மச்சான்! இங்க முள்ளு பாதிக்குக் கீழ இறங்கிடுச்சு!"

அண்ணன் சிரித்தார். தங்கையும் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை, முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். எனக்கு அந்த மனுஷன்மேல் அப்படி ஒரு கோபம் வந்தது. அவர் கெட்டவரில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

நீங்கள் சிரித்துக்கொண்டுதான் படித்திருப்பீர்கள். உங்களிடம் வேன் இல்லையே என்ற தைரியம். வேன் எதற்கு? நேற்றுச் சாயங்காலம் உங்கள் வீட்டில் ஒருவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தார். நீங்கள் நிமிர்ந்து பார்க்காமலே "ஒரு நிமிஷம்" என்றீர்கள். அவர் என்ன சொல்ல வந்தார் என்று இப்போதாவது போய்க் கேளுங்கள்.