வரிசையில் நிற்க முடியாதவர்

இப்ஸ்விச்
ஞாயிறு மாலை

அன்புள்ள அக்கா நோலீனுக்கு,

தம்பி வார்விக் எழுதுவது. நானும் மகள் டாம்சினும் நலம். அத்தானின் முதுகுப் பிடிப்பு விட்டிருக்கும் என்றும், உங்கள் டப்போவில் ஒரு மழையாவது இறங்கியிருக்கும் என்றும் நம்புகிறேன்.

உன் கடிதம் கிடைத்தது. ஜனவரியில் குடும்பம் மொத்தமும் கோல்ட் கோஸ்டில் இருக்கும் ஏழலைக் கேளிக்கைப் பூங்காவுக்குப் போகும்போது டாம்சினை மட்டும் வீட்டில் விட்டுவிடலாம், ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு அந்தக் கூட்டமும் வரிசையும் ஒத்துவராது என்று எழுதியிருந்தாய். நல்ல மனதோடுதான் எழுதினாய், தெரியும். ஆனாலும் எனக்கு வலித்தது. இந்த ஒன்பது வயதில் அவள் ஆசைப்பட்டுக் கேட்டது ஒன்றுதான்: அங்கிருக்கும் மரக்கட்டைப் படகில் ஒரு தடவை சரிந்து தண்ணீரில் விழவேண்டும். அவள் வருவாள். அதில் மாற்றமே இல்லை. முடியும் என்று காட்டத்தான் நேற்றே அவளை அழைத்துப் போனேன்.

அங்கே இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஓர் அட்டை தருகிறார்கள், அதைக் காட்டினால் வரிசையில் நிற்காமல் குறித்த நேரத்துக்குப் போய் ஏறிக்கொள்ளலாம், நல்ல ஏற்பாடுதான், ஆனால் அந்த அட்டையை வாங்க ஒரு வரிசை, எங்களுக்கு முன்னால் நாற்பத்தொரு பேர், உச்சி வெயில், படிக்கிற கண்ணாடியைக் காரிலேயே மறந்துவிட்டேன், கையில் டாக்டர் கடிதங்கள் அடங்கிய தலையணை கனத்தில் ஒரு கோப்பு, பத்தாவது நிமிடம் ஒருமுறை, இருபதாவது நிமிடம் ஒருமுறை, "ஏங்க, கால் ஒடிஞ்சவன் மாடி ஏறி வந்தாத்தான் ஊன்றுகோல் தருவீங்களா?" என்று நான் கத்த, பின்னால் மூக்கில் வெள்ளையாய் சன்ஸ்கிரீன் பூசி நின்ற ஓர் அம்மா, "எல்லாரும்தானே நிக்கிறோம், கொஞ்சம் அடங்கேன் தம்பி" என்றார். நம் நாட்டில் கொலைக்குக்கூட மன்னிப்பு உண்டு, வரிசையில் சத்தம் போட்டவனுக்குக் கிடையாது. டாம்சின் காதுமூடியை மாட்டிக்கொண்டு, "இன்னும் முப்பத்தாறு, முப்பத்தஞ்சு" என்று எண்ணிக்கொண்டிருந்தாள்.

கவுன்டரில் மெரே என்றொரு பெண். நான் பக்கத்தில் நின்ற மேலாளரைப் பிடித்துக்கொண்டு உரிமை, சட்டம், மனிதநேயம் என்று மூன்றாம் முறையாக முழங்கிக்கொண்டிருக்கும்போதே, அவள் டாம்சினிடம் விவரம் கேட்டு அட்டையை எழுதி நீட்டிவிட்டாள். கோப்பைத் திறக்கவே இல்லை! படகுத்துறையில் இருந்த நரைத்தாடிக்காரர் அட்டையைப் பார்த்ததும் என் முழங்கையைப் பிடித்து, "மெதுவா வாங்கண்ணே, அவசரமே இல்ல. சத்தம் தொந்தரவா இருக்கா? பயமா இருந்தா பாப்பா கையைப் பிடிச்சுக்கங்க" என்றார். எவ்வளவு மரியாதை பார்! படகு விழுந்தது. நான் அலறினேன். டாம்சின் சொட்டச் சொட்ட நனைந்து, காதுமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தாள், அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, முகமெல்லாம் ஏற்கெனவே தண்ணீர்.

ஆகவே போராடினால் முடியும். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு முத்தங்கள், உன் கிறிஸ்துமஸ் புட்டிங்குக்கு முன்கூட்டியே நன்றி.

உன் தம்பி,
வார்விக்

பி.கு.: சட்டையைத் துவைக்கப் போடும்போது பையிலிருந்த அட்டையை இப்போதுதான் கண்ணாடி போட்டுப் பார்த்தேன். 'வரிசையில் நிற்க முடியாதவர்' என்ற இடத்தில் என் பெயர். 'துணைக்கு வருபவர்' என்ற இடத்தில் டாம்சின். கூப்பிட்டுக் கேட்டேன். "யாரால வரிசையில நிக்க முடியலன்னு அந்த அக்கா கேட்டாங்க. நான் நின்னேனேப்பா. நீதான் மூணு தடவ கத்தின" என்றாள். எனவே, அக்கா, ஜனவரியில் யாரையாவது வீட்டில் விட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றால், என்னை விட்டுவிட்டு அவளை அழைத்துப் போ.